தாய்மார்களும் குடல் புற்றுநோயும்



புற்றுநோய் என்றவுடன் பெண்கள் மார்பகத்தையும் கருப்பையையுமே நினைக்கின்றனர். குடலில் தோன்றுவதை ஆண்களின் நோய் என்று எண்ணுவோரும் உளர். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மிகுதியும் காணப்பட்டது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே ஆகும்.

இந்நோய் பெண்களிடம் மறைந்து வளர்வதற்குக் காரணம் உண்டு. பெருங்குடல் வயிற்றின் வலப்புறத்தில் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறமாக இறங்கி மலக்குடலில் சேர்கின்றது. இடப்புறத்தில் கட்டி தோன்றினால் மலச்சிக்கலோ இரத்தமோ கண்டு ஐயுற வாய்ப்புண்டு. வலப்புறத்தில் தோன்றுவது ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி. அங்கே மலம் நீராக இருப்பதால் அடைப்பு எளிதில் ஏற்படுவதில்லை. கசியும் இரத்தமும் மலத்தோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. சிறுகச் சிறுக இரத்தம் குறைந்து, சோகை மட்டுமே வெளியே தெரிகின்றது.

நாம் கவலை கொள்வது இதனாற்றான். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் சுமந்து, வீடு திரும்பி உலை வைக்கும் பெண்மணி களைப்பு என்று சொன்னால் யார் அதனைப் பெரிதாக எண்ணுவர்? வேலை அதிகம் என்பர். மாதவிலக்கினால் வந்த சோகை என்பர். இரத்தம் கண்டாலோ மூலம் என்று தாமே முடிவு கட்டிவிடுவர். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைந்து சோகை வருமாயின், அந்த இரத்தம் எங்கே போகின்றது என்று கேட்டே ஆக வேண்டும். மாத்திரை களைப்பைத் தணிக்கலாம், கட்டியைத் தடுக்காது. மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்ற விதியும் இல்லை.

சில வாரங்களாக மலப்போக்கில் மாறுதல், மலத்தில் இரத்தம், விடாத வயிற்று வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும், வயது எதுவாயினும், மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

எந்தக் குறியும் இல்லாதவர்கள் 50 வயதைக் கடந்ததும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊசி இல்லை, பட்டினி இல்லை. அங்கே தரும் சிறு குப்பியில் சிறிதளவு மலத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் எடுக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருப்பதாகத் தெரிந்தால், அது புற்றுநோய்தான் என்று பொருளன்று. மருத்துவமனையில் மெல்லிய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பர். மொட்டுப் போன்ற வளர்ச்சிகள் இருந்தால் பெரும்பாலும் அப்பொழுதே நீக்கிவிடுவர். அம்மொட்டு புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பல்லாண்டுகள் ஆகும். அதற்குள் முழுமையாக அகற்றிவிட்டால் அந்த இடத்தில் நோய் வரும் வாய்ப்புப் பெரிதும் குறையும்.

மலத்தைப் பற்றி ஆடவரான மருத்துவ உதவியாளரிடம் எப்படிச் சொல்வது என்று நாணுவோர் பலர். தாதியிடம் சொல்லலாம், "மலச் சோதனை வேண்டும்" என்ற மூன்று சொற்களே போதும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருப்பின், 50 வயது வரை காத்திராமல் அதனையும் அப்பொழுதே தெரிவித்தல் வேண்டும்.