அரைப்பேரும் தகர டிக்கட்டும்
(மட்டக்களப்பில் நடந்த அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வரும் வழியில் கல்லடிப் பாலத்தைக் கடந்துதான் பலரும் வந்தீர்கள். புதுப்பாலம் 2013இல் திறந்தது. பக்கத்தில் நிற்கிற பழைய இரும்புப் பாலம் 1924இல் வந்தது. அதற்கு லேடி மன்னிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். அந்த அம்மா அப்போதைய ஆளுநரின் மனைவி. அதே காலத்தில் மலைத் தோட்டங்களில் இருந்த நம்முடைய பூட்டன் பூட்டிமாரின் பெயர்கள் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தால், பிந்தி வந்தால், அரைப்பேர். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பொடியன் கேட்டான்: "மாரியம்மாவுக்கு அரைப்பேர் என்றால் 'மாரி' மட்டும் எழுதுவாங்களா சேர்?" வகுப்பே சிரித்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஆச்சிமாருக்கு மட்டும் அது பகிடி இல்லை. அரைப்பேர் விழுந்த அன்று அடுப்பில் என்ன வெந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பேர் பாதியாவதற்கு முன்னமே இலக்கமாகியும் இருந்தது. இந்தியாவில் ஆள் சேர்க்கப் போகும் கங்காணியிடம் தகரத்தால் செய்த சிறு வில்லைகளைத் தோட்டம் கொடுத்துவிடும். அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். மண்டபம் முகாமில் அதைக் காட்டினால் போதும். கப்பல், ரயில் செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளை விலாசம் ஒட்டின பார்சலாக அனுப்பினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. தலைக்கு இத்தனை என்று கங்காணிக்குக் கிடைத்த பணத்தின் பெயரும் தலைக்காசுதான்.

இன்னொன்று 'துண்டு'. தோளில் போடுகிற துண்டு இல்லை, கடதாசித் துண்டு. "இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு. கட்டினால் ஆட்களை விடுகிறோம்" என்று துரை எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கங்காணிக்கு மேலதிக முற்பணமும் கொடுக்கும். எல்லாம் திரும்பத் தொழிலாளியின் தலையில்தான். ஆள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடப்பான், கடன் அவனுக்கு முன்னால் போய் நிற்கும், அதுவும் கொஞ்சம் கொழுத்து! துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வந்தது.

கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் போன கதையும் விசித்திரம்தான். வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆனால் புடவை விற்கிறவரைத் தடுப்பார் இல்லை. ஆகவே அவர் புடவை வியாபாரியாக லயத்துக்குப் போய் நிலைமையைப் பார்த்தார். பின்னால் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியே ஆட்களைச் சேர்த்தார். எங்கள் கூட்டத்தில் பாட இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. 1929 முதல் உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்கும் ஒரு விலை இருந்ததைக் கவனியுங்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வர 1984 ஆனது. ஒரே கூடை, ஒரே மலை, ஐம்பத்தைந்து வருடம்!

இப்போது தகரமும் இல்லை, துண்டும் இல்லை. ஆனால் போன மாதம் ஓர் அக்கா தன் சம்பளச் சீட்டை எங்களிடம் கொண்டு வந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தான் 22 நாள் வேலைக்குப் போனதாகச் சொன்னார். சீட்டில் இருபதரை. எங்கே போனது அந்த ஒன்றரை என்று அவர் கேட்டபோது, "நீ எண்ணினாயா?" என்று பதில் வந்ததாம். அவர் எண்ணியிருந்தார், ஆனால் எழுதி வைக்கவில்லை. அந்த ஒன்றரை நாளுக்காக இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டுக் கலண்டரில் அம்மா அப்பா வேலைக்குப் போன நாளையெல்லாம் வட்டம் போடுகிறார்கள். அரை நாள் என்றால் அரை வட்டம். பெரியவர்கள் செய்ய வேண்டியது, மாலையில் வந்ததும் பிள்ளையிடம் சரியாகச் சொல்வது. அடுத்த மாதம் சம்பளச் சீட்டும் கலண்டரும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம்.