தங்கம் அவர்களுக்கு, காரீயம் மண்ணுக்கு

மின்னணுக் கழிவும் மண் நஞ்சாதலும் குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்துக்குப் பித்தளை நகரம் என்று பெயர். உலோகத்தை உருக்கவும் வார்க்கவும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைவினைஞர்கள் வாழும் ஊர். பித்தளைத் தொழில் நலிந்தபோது அவர்களது கைத்திறனைத் தேடி வேறொரு சரக்கு வந்தது. பெருநகரங்கள் கழித்துக்கட்டிய கணினிகள், தொலைக்காட்சிகள், கைபேசிகள் ஆகியவற்றின் மின்சுற்றுப் பலகைகளே அந்தச் சரக்கு. தில்லியின் சீலம்பூரில் பிரித்தெடுக்கப்பட்ட பலகைகள் லாரிகளில் மொராதாபாத் வந்து சேர்ந்தன. ஆலை எதுவும் கட்டப்படவில்லை, குடியிருப்புகளே உலைக்களங்களாயின.

அங்கு நடக்கும் வேலையை அறிந்தால்தான் மண்ணுக்கு நேர்ந்தது விளங்கும். பலகையைச் சூடாக்கினால் உதிரிப் பாகங்களைப் பிடித்துவைத்திருக்கும் பற்றாசு உருகும். பழைய பற்றாசில் பத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு காரீயம். விலைபோகும் சில்லுகளைப் பிடுங்கிய பின் பலகை எரிக்கப்படுகிறது. சாம்பல் பொடியாக்கப்பட்டு ராம்கங்கை ஆற்று நீரில் அலசப்படுகிறது. செம்புத் துகள்கள் தட்டில் தங்கும். மிஞ்சிய கரும்பொடி ஆற்றிலும் கரையிலும் சேரும். தங்கத்துக்காக அமிலத் தொட்டியில் ஊறவைத்த பலகைகளின் கழிவுநீர் சாக்கடைக்குப் போகும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மொராதாபாத்தின் மண்ணிலும் நீரிலும் கன உலோகங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது. கரையில் கரும்பொடியைக் கொட்டுவோருக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் ஆணையிட்டது.

குப்பை மக்கும், எண்ணெய்க் கசிவுகூடக் காலப்போக்கில் சிதையும். காரீயமும் காட்மியமும் தனிமங்கள். அவை சிதைவதில்லை. காரீயம் மேல்மண்ணோடு இறுகப் பற்றிப் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். கையை வாயில் வைக்கிறார்கள். உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர் உடலைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையை அது தாக்குகிறது. இரத்தத்தில் பாதுகாப்பான காரீய அளவென்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காட்மியம் செல்லும் வழி வேறு. கீரையின் இலைக்கும் நெல்மணிக்கும் எளிதில் ஏறி, உண்பவரின் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது.

சட்டம் என்ன செய்தது? மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் உள்ளன. 2016இல் புதிய விதிகள் வந்தன, 2022இல் மீண்டும் மாற்றப்பட்டன. இப்போதைய ஏற்பாட்டின்படி மறுசுழற்சி நிலையம் சான்றிதழ் உருவாக்கும். உற்பத்தி நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கடமையை முடித்துக்கொள்ளும். எதை மீட்டால் சான்றிதழ்? தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். சந்தையில் விலையுள்ள நான்கு உலோகங்கள்! காரீயத்தையும் காட்மியத்தையும் பாதரசத்தையும் பிரித்துப் பத்திரப்படுத்தினால் சான்றிதழ் கிடையாது. எது நஞ்சோ அது கணக்கில் இல்லை. முறையான மறுசுழற்சிக்கு ஈடுகட்டும் வகையில் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என 2024இல் அரசு நிர்ணயித்தது. ஒரு கிலோ நல்ல அரிசிக்குக்கூடப் போதாத அந்தத் தொகையை எதிர்த்துப் பன்னாட்டு நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்றன.

நீருக்கு 1974இலும் காற்றுக்கு 1981இலும் தனிச் சட்டங்கள் இயற்றிய நாடு மண்ணுக்கென ஒரு சட்டம் இயற்றவில்லை. 2025 ஜூலையில்தான் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. மாசுபடுத்தியவரே துப்புரவுச் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. கொள்கை சரியானது. ஆனால் மொராதாபாத்தில் மாசுபடுத்தியவர் என்று யார் பெயர் எழுதப்படும்? முற்றத்தில் பலகை எரித்த கூலித் தொழிலாளியின் பெயரா, பலகையை விற்று லாபம் எடுத்துக்கொண்டு அது எங்கே போகிறதென்று கேளாமலிருந்த நிறுவனத்தின் பெயரா? இதுவரை சோதனை என்றால் காவல்துறை வரும், உலை உடைபடும், சரக்கு பறிமுதலாகும். தொழில் அடுத்த கிராமத்துக்கு நகரும்; அங்கே இன்னொரு நிலம் கெடும். "படிப்பறிவில்லாத மக்கள் செய்யும் வேலை" என்று நகரத்து மேல்தட்டு முகம் சுளிப்பதும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை கைபேசியை மாற்றுவது யார் என்பதை அவர்கள் பேசுவதில்லை.

ஆகவே கோரிக்கைகள் துல்லியமாக அமைய வேண்டும். நச்சு உலோகங்களைப் பிரித்துப் பாதுகாப்பாக வைப்பதும் உற்பத்தி நிறுவனங்களின் கட்டாயக் கடமையாக விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். மண்ணைத் துப்புரவாக்கும் செலவு அவர்களிடமிருந்தே பெறப்பட வேண்டும். பிரிக்கும் திறனுள்ள தொழிலாளர்களைத் துரத்தாமல், கூட்டுறவுகளாக்கி, புகைபோக்கியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உள்ள பொதுக் கூடங்களில் கூலியோடும் காப்பீட்டோடும் அமர்த்த வேண்டும். இவையெல்லாம் காலம் பிடிப்பவை. நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. குழந்தையின் உடலில் காரீயம் இருக்கிறதா என்று முதற்கட்டமாக அறிய விரல்நுனியில் எடுக்கும் சில துளி இரத்தம் போதும். ராம்கங்கைக் கரையிலும் சீலம்பூரிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தப் பரிசோதனையை இலவசமாக நடத்தி, முடிவுகளைப் பெற்றோரிடம் எழுத்தில் தர வேண்டும்.