பச்சை உடம்பின் வேலை

தாய்மையைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். தாயைத் தெய்வம் என்று சொல்லி முடிக்கிற பேச்சு எனக்கு வராது, தாயின் உடம்பைப் பற்றியென்றால் வருகிறேன் என்றேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புகழுரையை விட உடம்புதான் எனக்குப் பழக்கம்.

பத்து மாதக் கதையும் சொல்ல இன்று நேரம் போதாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி பங்கு கூடிவிடுகிறது, அத்தனையையும் அதே இதயம்தான் இறைக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிள்ளை பிறந்தாயிற்று. அழுகைச் சத்தம் கேட்டதும் வீட்டார் எல்லோரும் குழந்தையைப் பார்க்க முண்டுவார்கள். ஆணா பெண்ணா, யார் ஜாடை, மூக்கு யாருக்கு. அந்த நேரத்தில் செவிலியரின் கை எங்கே இருக்கும் தெரியுமா? தாயின் வயிற்றில், தொப்புளை ஒட்டி. எங்கள் கண்ணும் காதும் எல்லாம் அப்போது அந்தக் கைக்குக் கீழேதான்.

சாதாரண நாளில் கர்ப்பப்பையின் எடை 60, 70 கிராம். நிறைமாதத்தில் அது கிட்டத்தட்ட 1 கிலோ. நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு அப்போது நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வந்து போகிறது. நஞ்சு பிரிந்து விழுந்ததும் அத்தனை குழாய்களும் வாய் திறந்து கிடக்கும். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அக்கா, கொஞ்சம் அடுப்பைத் தணித்துவிட்டு இதைக் கேளுங்கள். அந்த வாய்களை மூடுவது யார்? அங்கே ஊசி நூல் போட்டுத் தைக்க யாரும் இல்லை. கர்ப்பப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன, ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலுக்குள் புகுந்துதான் வருகின்றன. தசை இறுகினால் போதும், குழாய்கள் நெரிபட்டு அடைந்துவிடும். சில நிமிஷ வேலை. என் உள்ளங்கைக்குக் கீழே தொளதொளவென்று இருந்தது, முற்றின தேங்காய் மாதிரி உருண்டு கெட்டிப்படும். அது கெட்டிப்பட்ட பிறகுதான் நான் குழந்தையின் மூக்கையே பார்ப்பேன். எத்தனை பிரசவம் பார்த்தாலும் அந்தக் கெட்டி கையில் தட்டுப்படும்போது வருகிற நிம்மதி எனக்குக் குறைந்ததேயில்லை.

கெட்டிப்படாவிட்டால்? வயிற்றைத் தேய்த்துவிடுவோம், ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம், மேலிடத்துக்கு அனுப்புவோம். உலகம் முழுக்கப் பிரசவத்தில் தாய்மார் சாவதற்கு முதலாவதாக நிற்கிற காரணம் ரத்தப்போக்குதான்.

ஒரு வீட்டில் மூன்றாவது பிரசவம். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பெண் பல்லைக் கடிப்பாள். வாயு என்று மாமியார் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாயு இல்லம்மா. புள்ள சப்புறப்போ மூளையிலேர்ந்து ஒரு சுரப்பு வருது. அதுதான் பாலையும் இறக்குது, கர்ப்பப்பையையும் இறுக்குது. ரெண்டாவது மூணாவது பிரசவத்துல இந்த வலி கூடுதலாத்தான் இருக்கும்" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப புள்ளதான் பாலைக் குடிச்சுக் குடிச்சு ஆத்தா வயித்தச் சரி பண்ணுதா?" என்றார். பிறகு அந்தத் தெரு முழுக்க அவரே போய்ச் சொல்லிவிட்டார். என்னைவிட நன்றாகவே சொன்னார் என்று கேள்வி.

மாமியார்மார்களே, உங்களுக்கு இன்னொன்று. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். மஞ்சளாக, கொஞ்சமாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், பிறந்த குழந்தைக்கு அந்தக் கொஞ்சம் போதும், நோயைத் தடுக்கிற சக்தி அதில்தான் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிற கழுதையின் பாலும் வேண்டாம்.

பெற்றால்தான் பெண்ணா என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பெறாதவள் உடம்பும் சும்மா இல்லை. மாதாமாதம் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, உதிர்ந்து, மறுபடி வளர்கிறது. முழங்காலில் அடிபட்டால் வடு நிற்கும். இங்கே இத்தனை வருஷம் உதிர்ந்தும் வடுவில்லாமல் ஆறுகிறது. இந்தத் திறமையைத்தான் தீட்டு என்று ஓரமாக உட்கார வைத்தோம்.

1996-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆண் குழந்தை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பெற்று 27 வருஷம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில்கூடப் பிள்ளையின் அணுக்கள் இருந்தன. மகன் வேலைக்குப் போய், கல்யாணமாகி, வாரம் ஒரு போன்கூடப் பண்ணாமல் இருக்கலாம். அவனுடைய அணு அம்மாவின் உடம்பில் குடியிருக்கிறது. மகன்களே, இன்றைக்கு ஒரு போன் போடுங்கள்!

ஒரு புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஒரு பெண் வந்தாள். முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நடிகைகள் ரெண்டே மாதத்தில் இளைத்துவிடுகிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்றாள். கர்ப்பப்பை பழைய அளவுக்குத் திரும்பவே ஆறு வாரம் ஆகும், தோலும் தசையும் இன்னும் நிதானமாகத்தான் வரும், கோடுகள் வெளுக்குமே தவிர முழுசாக அழியாது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லை, வெள்ளைவெளேர் என்றிருக்கிறது. நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அப்படியே டப்பாவில். பால் வழியாகப் பிள்ளை கறுத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். மாத்திரையால் மலம்தான் கறுக்கும், பிள்ளை கறுக்காது. குழந்தையின் எடை அட்டையில் வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது, அதைக் காட்டி எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பத்தியம், தூக்கம், மனச்சோர்வு எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். இது மட்டும் முக்கியம். பிரசவமான பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுசாக நனைந்தால், வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-க்குப் போடுங்கள். வருகிற புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தாயையும் உட்கார வைத்து, அவளுக்கும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். மாத்திரை டப்பாவையும் மறக்காமல் கொண்டு போங்கள்.