பேசப் போகிறேன்





நூற்றாண்டு விழாவில் பேச ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று பிரெஞ்சு மொழியின் ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "பேசப் போகிறேன்" என்றேன் அல்லவா? விஷயம் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

எட்டாம் ஆண்டில் எங்கள் தமிழ் டீச்சர் மூன்று காலங்களையும் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தார். நான் எழும்பி, "டீச்சர், 'சாப்பிடப் போகிறேன்' எந்தக் காலம்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லைப் பார்த்தா நிகழ்காலம், கருத்தைப் பார்த்தா எதிர்காலம். நல்ல கேள்வி புள்ள, இரு" என்றார். அந்தப் பதில் எனக்கு எங்கே உதவப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் மருத்துவபீட மாணவி. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். அந்தக் காலையைப் பற்றி இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இழந்தோம். நம் வகுப்புகளிலும் கதிரைகள் வெறுமையாகின.

சில நாட்களில் அகதி முகாமொன்றில் பிரெஞ்சு பேசும் வைத்தியக் குழு ஒன்று சிகிச்சை நிலையம் திறந்தது. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். அங்கிருந்த பெண் வைத்தியருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன் அவர் "ஜு வே" என்று தொடங்கி ஏதோ சொல்வார். "ஜு வே லவே" என்றால் நான் கழுவப் போறன். "ஜு வே ரெகார்தே" என்றால் நான் பார்க்கப் போறன். இரண்டாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. "வே" என்பது "போகிறேன்". நாம் சொல்வது போலவேதான் அவர்களும் சொல்கிறார்கள்!

பிறகு கொழும்பில் மாலை வகுப்புக்குப் போய் அதை ஒழுங்காகப் படித்தேன். பிள்ளைகளே, கொப்பி இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: ஜு வே, தியு வா, எல் வா, நூஸலோன், வூஸலே, எல் வோன். போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள். இதற்குப் பின்னால் எந்த வினையையும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். அண்மை எதிர்காலம் கிடைத்துவிடும். தமிழில் "கழுவ", "பார்க்க", "எழுத" என்ற எச்சம் முன்னால் வரும், பிரெஞ்சில் பின்னால் வரும். வித்தியாசம் அவ்வளவுதான். "போகப் போகிறேன்" என்று நாம் சொல்வதைப் போல, "ஜு வே அலே" என்று அவர்களும் சொல்கிறார்கள்.

பிரெஞ்சில் இன்னொரு எதிர்காலமும் உண்டு. "எல் ஒரா ஆன் பெபே" என்றால் அவளுக்கு என்றோ ஒரு நாள் பிள்ளை கிடைக்கும். "எல் வா அவ்வார் ஆன் பெபே" என்றால் அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அவள் இப்போதே கர்ப்பிணி. முதலாவது ஒரு நம்பிக்கை. இரண்டாவதற்கோ அறிகுறி ஏற்கெனவே தெரிகிறது, ஆயத்தம் செய்ய வேண்டும்.

அந்த முகாமில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. காலில் ஆழமான காயம். யார் கிட்டப் போனாலும் கத்தும். அந்த வைத்தியர் அவசரப்படவில்லை. தண்ணீர் ஊற்றப் போறன், துணியால துடைக்கப் போறன், கொஞ்சம் எரியப் போகுது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். நான் தமிழில் சொன்னேன். சொன்னதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை தானாகவே காலை நீட்டியது. நீட்டிவிட்டு என்னைப் பார்த்து, "நான் இப்ப அழப் போறன்" என்றது. "அழுங்க மகள்" என்றேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை கத்தியதே தவிர அழவில்லை.

அன்றிலிருந்து என் வாட்டில் இது ஒரு விதி. ஊசி போடுவதற்கு முன், வயிற்றில் கை வைப்பதற்கு முன், "ராத்தா, நான் இப்ப இதைச் செய்யப் போறன்" என்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வரும் வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். செலவில்லாத மருந்து.

இன்னொன்றையும் நினைத்துக்கொள்கிறேன். அன்று சுமாத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்ததற்கும் நம் கரைக்குக் கடல் வந்ததற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. "கடல் வரப் போகிறது" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல ஆளில்லை. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று மீண்டும் சுமாத்ராவுக்கு அப்பால் பெரிய அதிர்வு ஏற்பட்டபோது, அந்த வசனம் நேரத்துக்குச் சொல்லப்பட்டது. கரையோர மக்கள் எழும்பிப் போனார்கள். அன்று பேரலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சொன்னது வீண் அல்ல.

மாணவிச் செல்வங்களே, உங்களிடம் "என்ன செய்யப் போறீங்க?" என்று எல்லோரும் கேட்பார்கள். "படிப்பேன்" என்று சொல்லாதீர்கள். "படிக்கப் போறன், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லுங்கள். என் டீச்சர் சொன்னதுபோல, கருத்து எதிர்காலம்தான். ஆனால் சொல் நிகழ்காலம். கால் இப்போதே நடந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த டீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். டீச்சர், உங்கள் பதில் சரி. பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் இப்போது அமரப் போகிறேன். வஸ்ஸலாம்.