வட தாய்லாந்தின் விழாக்கள்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



எமது சங்கத்து வாலிபர் சிலர் தாய்லாந்துக்குப் போய்வர எண்ணியிருக்கின்றனர். பாங்கொக் நகரத்துக் கடைத்தெருக்களோடு திரும்பிவிடாமல் வடக்கே மலைநாட்டுக்கும் போங்கள் என்று அவர்களுக்குச் சொன்னோம். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறதென்று கேட்டனர். அதற்கு விடையாகவே இன்று சிறிது பேச முன்வந்தோம்.

வடக்கின் தலைநகர் சியாங் மாய். மங்ராய் என்னும் மன்னன் 1296ஆம் ஆண்டில் அமைத்த நகரம் அது. சதுரமான அகழியும் மதிற்சுவரின் எச்சங்களும் இன்றும் இருக்கின்றன. அவனுடைய நாட்டுக்கு லன்னா என்று பெயர். பத்து இலட்சம் வயல்கள் என்பது பொருள். 1558இல் அது பர்மியர் கைப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தே மீண்டு, பின்னர் சீயத்தோடு இணைந்தது. ஆகவே வடநாட்டாரின் பேச்சும் உணவும் மாதக் கணக்குங்கூடப் பாங்கொக்காருடையவற்றினின்றும் வேறானவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டாலன்றி அவர்களுடைய விழாக்கள் விளங்கமாட்டா.

வானத்திலே ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் ஒருங்கே எழுந்து மிதக்கும் படத்தை நீங்கள் எல்லீரும் பார்த்திருப்பீர்கள். அது யீ பெங் விழா. யீ என்றால் இரண்டு, பெங் என்றால் பூரணை. மத்திய தாய்லாந்தார் பன்னிரண்டாம் மாதமென்று எண்ணுவதை வடநாட்டார் இரண்டாம் மாதமென்று எண்ணுவர். பெரும்பாலும் நவம்பர் மாதத்திலே வரும் அப்பூரணை, சில ஆண்டுகளில் நமது கார்த்திகை விளக்கீட்டை ஒட்டி வரும்; சில ஆண்டுகளில் ஒரு மாதம் முந்திவிடும்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து மட்டும் பயணம் புறப்படவேண்டாம். ஆயிரம் விளக்குகளை ஒரே கணத்தில் பறக்கவிடும் காட்சிகளிற் பல இப்போது பெருந்தொகைச் சீட்டு விற்று, வெளிநாட்டாருக்காக ஊருக்கு வெளியே நடத்தப்படுபவை. அவ்விரவுகளிலே விமானங்கள் நிறுத்தப்படுகின்றன அல்லது நேரம் மாற்றப்படுகின்றன. எரிந்த விளக்குகள் கூரைகளில் வீழ்ந்து தீப்பிடிப்பதும் உண்டு. அதனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் விடலாம் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நல்லதே செய்தது என்போம்.

மெய்யான யீ பெங் நிலத்திலே இருக்கிறது. வீட்டு வாயிலிலும், மதிலிலும், விகாரையின் படிகளிலும் சிறு மண் அகல்களை வரிசையாக ஏற்றுகிறார்கள். அதன் பெயர் பாங் பிரதீப். பிரதீபம் என்ற வடசொல்லை நீங்கள் கேட்டமாத்திரத்தில் அறிந்துகொள்வீர்கள். வாயில்களிலே வாழையும் கரும்பும் தென்னோலையும் கட்டி அலங்கரிக்கின்றனர். வாழைமரம் கட்டுவது நமக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் வேறு. அனைத்தையும் தானஞ் செய்து வனம் புகுந்த வெசந்தர இளவரசன் நகருக்கு மீண்ட வழியாம் அது. 'வனவாயில்' என்றே அதை அழைப்பர். அந்த இளவரசனின் சாதகக் கதை பதின்மூன்று பகுதிகளாக விகாரையில் ஓதப்படுகிறது. வாழைத்தண்டிலும் இலையிலும் செய்த சிறு தெப்பத்தில் பூவும் ஊதுவத்தியும் மெழுகுதிரியும் வைத்துப் பிங் ஆற்றில் விடுவதும் அந்நாளிலேதான். 'தாய் கங்கை' என்று நீரை வணங்கி விடுகிறார்கள்.

அகல் விளக்குக்கு ஒரு கதை உண்டு. வெண்காகம் ஒன்று ஐந்து முட்டைகளை இட்டதாம். புயல் அவற்றை அடித்துச் சென்றது. கோழி, நாகம், ஆமை, பசு, சிங்கம் ஆகியவை ஆளுக்கொன்றாக எடுத்து வளர்த்தன. ஐவரும் புத்தர்களாயினர், ஐந்தாமவர் இனி வரவிருக்கும் மைத்திரேயர். தாயை நினைந்து ஏற்றும் அகலின் திரியைக் காகத்தின் கால்போல முறுக்குவது பழைய வழக்கம். கார்த்திகைப் பெண்கள் அறுவர் ஆறு குழந்தைகளை வளர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வேறோரினத்தார் அதே காலத்தில் விளக்கேற்றி வளர்ப்புத்தாயரின் கதை சொல்வது வியப்பாகவே இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நாம் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. கீழைத்தேசங்களைப் பற்றிப் பேசுமிடமெல்லாம் "எல்லாம் நாம் கொடுத்தவை" என்று மார்தட்டுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. பாங்கொக் தேவஸ்தானத்தின் மார்கழி-தைச் சடங்குக்குத் திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்கள் திரிந்து வழங்குவது உண்மை. தனிநாயகம் அடிகளார் அதைத் தமிழுலகம் அறியச் செய்தார். ஆனால் அது அரசவைப் பிராமணர்களின் சடங்கு. அதற்குரிய ஊசலாட்டமும் 1935இல் நின்றுவிட்டது. வடக்கின் குடிமக்களோ தேரவாத பௌத்தர். வடசொற்கள் அவர்களிடம் மொன், கெமர் மக்கள் வழியாகவும் பாளி நூல்கள் வழியாகவும் சென்றவை. இலங்கையிலிருந்தும் சென்றன. 1424ஆம் ஆண்டளவில் சியாங் மாய்ப் பிக்குகள் நமது தீவுக்கு வந்து, களனி ஆற்றிலே உபசம்பதை பெற்று மீண்டனர். அவர்கள் போற்றும் புத்த சிகிங் திருவுருவம் இலங்கையிலிருந்து வந்ததென்றே அவர்களுடைய பழங்கதை கூறும். அங்கே போகும் நமது வாலிபர், தம்மைத் தமிழர் என்று சொல்லும்போது கிடைக்கும் வரவேற்பைவிட இலங்கையர் என்று சொல்லும்போது கிடைக்கும் வரவேற்புப் பெரிதாயிருக்கக் கூடும்.

இனி, புத்தாண்டு. சொங்கிரான் என்பது சங்கிராந்தியே. சூரியன் மேட இராசியிற் புகுங் காலம். ஏப்பிரல் 13, 14, 15ஆந் திகதிகள். நாமும் சிங்கள மக்களும் புத்தாண்டு கொண்டாடும் நாட்களும் அவையே. அரசாங்க ஆண்டு 1941 முதல் சனவரியில் தொடங்கினாலும், சனங்களின் ஆண்டு சித்திரையிலேதான் பிறக்கிறது. யுனெஸ்கோ நிறுவனமும் 2023இல் இதை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

கதையையும் கேளுங்கள். கபிலப் பிரமன் என்பவன் தம்மபாலன் என்னும் சிறுவனிடம் ஒரு வினா விடுத்தான்: மனிதனின் திரு காலையில் எங்கே, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே? தோற்றவன் தலை இழக்கவேண்டும். சிறுவன் பறவைகளின் மொழி அறிந்தவன். மரத்தின்மேல் கழுகு தன் பேடைக்குச் சொன்ன விடையைக் கேட்டுக்கொண்டான்: காலையில் முகத்தில், அதனால் முகங் கழுவுகிறோம், பகலில் மார்பில், அதனால் சந்தனம் பூசுகிறோம், மாலையில் பாதத்தில், அதனால் கால் கழுவுகிறோம். பிரமன் தலை இழந்தான். அத்தலை நிலத்தில் வீழ்ந்தால் உலகம் எரியும், கடலில் வீழ்ந்தால் கடல் வற்றும். ஆகவே அவன் புதல்வியர் எழுவரும் அதைக் கைலாசக் குகையில் வைத்து, ஆண்டுக்கொருத்தியாக எடுத்து மேருவை வலம் வருகின்றனர்.

13ஆந் திகதி பழைய ஆண்டை வெடி கொளுத்தி ஓட்டுகிறார்கள். வீடு கூட்டித் தலை முழுகுகிறார்கள். வாட் பிரா சிங் விகாரையிலிருந்து சிகிங் திருவுருவம் வீதியுலா வருகிறது. சனங்கள் நறுநீர் தெளிக்கின்றனர். 14ஆந் திகதி யாரையும் ஏசக்கூடாது. ஏசினால் அவ்வாண்டு முழுதும் வாய் நாறுமாம். அன்றைக்கு ஆற்றுமணலை அள்ளி விகாரை முற்றத்திற் குவித்துச் சிறு தாதுகோபங்கள் செய்து கொடி நாட்டுவர். ஆண்டு முழுதும் காலில் ஒட்டி வெளியே போன கோயில் மண்ணைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்! இதைவிட நுட்பமான பிராயச்சித்தத்தை நாம் கேட்டதில்லை. முதிர்ந்த அரசமரங்களின் கிளைகளுக்குக் கவைக்கழிகளை முட்டுக்கொடுப்பதும் உண்டு.

15ஆந் திகதிதான் முக்கியமானது. பிள்ளைகளும் பேரர்களும் முதியோர் வீட்டுக்குப் போய், அவர் முன் அமர்ந்து, சென்ற ஆண்டின் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கின்றனர். கையில் ஒரு கிண்ணம். அதில் மல்லிகைப் பூவும் சொம் பொய் ஊறிய நீரும். சொம் பொய் என்பது நமது சீயக்காய்! முதியவர் அந்நீரைத் தொட்டுத் தம் தலையில் தடவி, வாழ்த்தி, மணிக்கட்டில் வெண்ணூல் கட்டுகிறார். இச்சடங்குக்குத் 'தலை முழுக்கு' என்றே பொருள்படும் பெயர். மருத்துநீர் வைத்து முழுகிப் பெரியோரிடம் கைவிசேடம் பெறும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மறுநாள் பலாக்காய்க் கறி. அதன் பெயரிலே 'தாங்குதல்' என்னும் பொருள் இருப்பதால், ஆண்டு முழுதும் ஆதரவு கிடைக்குமாம்.

வெளியூரார் காண்பதோ அகழியைச் சுற்றி நடக்கும் நீர்ச்சண்டையை. துப்பாக்கி, வாளி, இரைச்சல், மது. அதில் மகிழ்ச்சி இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஏப்பிரல் வெயிலில் நீர் தெளித்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அவ்வாரத்திலே தாய்லாந்தின் வீதி விபத்துக்களில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோர் மடிகின்றனர். வேகமும் குடியுமே காரணம். மோட்டார்ச் சைக்கிள் வாடகைக்கு எடுக்கவேண்டாமென்று பெற்றோர் சார்பிலும் சொல்லிவைக்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்குவோம். பர்மிய எல்லையை அடுத்த மே ஹொங் சொன்னில் மார்ச் இறுதியை ஒட்டி ஷான் இனத்தார் சிறுவர்களை இளவரசர்போல் அலங்கரித்து, கால் நிலத்திற் படாமல் தோளில் சுமந்துசென்று துறவு கொடுக்கின்றனர். ஆயின் மார்ச், ஏப்பிரலில் காட்டுத்தீயின் புகை வடக்கை மூடும். இழுப்பு உள்ளவர்கள் நவம்பரிலே போகட்டும். மே, யூன் மாதங்களில் வாட் சேடி லுவாங் விகாரையில் நகரத்தூணுக்குப் பூத்தட்டு வைத்து மழை வேண்டும் விழா நடைபெறும். இந்தகின் எனப்படும் அத்தூண் இந்திரகீலமே. புகாரின் இந்திர விழாவைப் படித்தவர்களுக்கு அது சுவைக்கும். தூண் இருக்கும் மண்டபத்துக்குள் பெண்கள் புக அனுமதி இல்லை. நம் சகோதரிகள் முற்றத்திலே பூ வைக்கலாம்.

புத்தாண்டுக்குப் போகிறவர்கள் வறோரொட் சந்தையிலே முதல்நாளே பூவும் சொம் பொய்யும் வாங்கிக்கொள்ளுங்கள். விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; பிக்குகள்மேல் நீர் எறியலாகாது. 15ஆந் திகதி காலை முந்திய நாளின் களைப்பில் உறங்கிவிடாதீர்கள். தங்கியிருக்கும் வீட்டிலே முதியவர் ஒருவர் இருந்தால், கிண்ணத்தோடு போய் அவர் முன் நிலத்தில் அமருங்கள். அவர் சொல்லும் வாழ்த்து உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நூலைக் கட்டி முடிக்கும்வரை கையை நீட்டியபடியே இருங்கள்.