499 கோடி ரூபாய் சொல்லும் பாடம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



'இந்தப் பங்கை உடனே வாங்குங்கள்' என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி செய்தி வருகிறது. அதனால் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன்.

1995-ல் மும்பையில் ராஜேஷ் ஜெயின் 'இந்தியாவேர்ல்டு' என்ற இணைய நிறுவனத்தைத் தொடங்கினார். 1999 நவம்பரில் சென்னை சத்யம் இன்ஃபோவே, பின்னாளைய சிஃபி, அதை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் சத்யம் இன்ஃபோவே அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறியிருந்தது. அந்த நாளில் லாபம் எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றே கேட்டார்கள்.

2000 மார்ச்சில் 5,000 புள்ளியைத் தாண்டிய நாஸ்டாக், 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு விழுந்தது.

நம் நீடாமங்கலத்தில் நெல் தூற்றத் தெரியாதவர் உண்டா? ஜெயின் காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார். நான் காற்று நின்றபின் முறத்தோடு போனேன். பேங்க்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பாதவன், மகள் நகைக்கு வைத்திருந்த 30,000 ரூபாயை பேலன்ஸ் ஷீட் பார்க்காமல் ஒரு கம்ப்யூட்டர் பங்கில் போட்டேன். மிஞ்சியது 4,000. வீட்டில் சொல்லவே இரண்டு வருஷம் ஆயிற்று.

சிஃபி தப்பித்தது, டேட்டா சென்டர்கள் நடத்தி இன்றும் இருக்கிறது. இணையம் வளரும் என்று நம்பியது சரிதான். கொடுத்த விலைதான் தப்பு.

பணம் போடுமுன் மூன்று வருஷ லாப நட்டக் கணக்கைப் பாருங்கள். புரியாவிட்டால் எடுத்து வாருங்கள். மாலையில் கீழே பெஞ்சில்தான் இருப்பேன். சேர்ந்து பார்ப்போம்.