ஸ்பானியச் சொற்களும் தமிழ் நினைவும்

அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவோர் முதலிற் சோர்வடைவது சொற்களிடத்தேதான். இலக்கணம் ஒருவாறு பிடிபட்டுவிடும். நேற்றுப் படித்த இருபது சொற்களுள் ஐந்துகூட இன்று நாவில் எழுவதில்லை. தொழிலின் பொருட்டோ விருப்பத்தினாலோ ஸ்பானிய மொழி பயிலும் தமிழர்க்கும் இத்துன்பம் உண்டு. அம்மொழியை ஆங்கிலத்தின் வழியாகவே அணுகுவது நம்மவர் வழக்கம். அது தவறன்று, ஆயினும் வீட்டிலேயே கிடைக்கும் துணையை நாம் மறந்துவிடுகிறோம்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் தொடர்பாற் பல சொற்கள் தமிழிற் குடியேறின. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புகள். ஆகவே நாம் மேசை என்பதை ஸ்பானியர் 'மெசா' என்பர். அலமாரி அவர்க்கு 'அர்மாரியோ', துவாலை 'தோவாயா'. சாவி மட்டும் சற்றே முகம் மாறி 'யாவே' என நிற்கிறது. இந்தி வழங்கும் ஊர்களில் வாழ்வோர்க்கு இன்னுஞ் சில எளிதில் அகப்படும். அங்கே 'பால்ட்டி' எனப்படும் வாளி, ஸ்பானியத்தில் 'பால்தே'. மும்பைத் தெருக்களிற் பாவ் வாங்கி உண்டவர், ரொட்டிக்கு ஸ்பானியப் பெயர் 'பான்' என்பதை மறக்கமாட்டார்.

ஆனால் உடன்பிறப்புகள் எல்லாவற்றிலும் ஒத்திருப்பதில்லையே! சன்னல் என்னுஞ் சொல்லைப் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்தனர். ஸ்பானியரோ அதனை 'வென்தானா' என்கின்றனர். ஓசை கைவிட்ட இடத்திற் பொருள் கைகொடுக்கிறது. வென்தானா என்பது காற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குக் 'காலதர்' என்னும் பெயர் வருகிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. எங்கோ ஒரு மூலையில் வாழ்ந்தவரும் நம் முன்னோரும் ஒரே பொருளை ஒரே கண்ணாற் கண்டிருக்கின்றனர். இதனை ஒருமுறை உணர்ந்தவர்க்கு அச்சொல்லைப் பத்துமுறை எழுதிப் பார்க்கும் வேலை மிச்சம்.

ஒரு சொல் மட்டுமன்றி, ஒரு தொடரே நம் வழியில் அமைவதும் உண்டு. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால், எனக்குக் காப்பி பிடிக்கும். ஆங்கில வழியிற் பயில்வோர் இங்கே 'நான்' என்று தொடங்கித் தடுமாறுவர். தமிழர்க்கோ 'எனக்கு' என்பதே இயல்பு. தலைவலியைச் சொல்லும்போதும் அவ்வாறே.

எச்சரிக்கையும் வேண்டும். விடுதியிற் குளிக்கச் செல்பவர் சோப்பு என எண்ணி 'சோபா' கேட்டால், வருவது குடிக்கும் சூப்பு. சோப்புக்கு அவர்கள் சொல்வது 'ஹபோன்'. இந்தியின் 'சாபூன்' அதற்கு உறவு. பேனா நம்மிடம் வந்தது போர்த்துக்கீசியத்தினின்றுதான். எனினும் ஸ்பானியத்திற் 'பேனா' என்றால் துயரம். இத்தகைய போலி நண்பர்களை ஏட்டில் வேறு பக்கத்திற் குறித்து வைத்தல் நலம்.

உறவே இல்லாத சொற்களை என்செய்வது? இடப்பக்கத்தை ஸ்பானியர் 'இஸ்கியெர்தா' என்பர். அஃது இலத்தீன் வழி வந்ததன்று. பாஸ்க்கு மொழியோடு தொடர்புடையது. நம் 'இடது' என்பதும் இகரத்தில் தொடங்குவது வெறுந் தற்செயலே. ஆனாலும் நினைவு வமிசாவளி கேட்பதில்லை. அந்த இகரத்தைப் பிடித்துக்கொண்டே பலர் வழிகேட்டு வீடு சேரலாம்.